தனியாகச் செய்தால் எத்தனை நாள்

போன மாதம் ஹட்டனிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ அரசாங்க வேலைக்குப் போட்டிப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். ஒருத்தி கைப்பேசியைப் பார்த்து வாசிக்க, மற்றவள் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியின் மேல் விரலால் எழுதிக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் சேந்து செஞ்சா ஆறு நாள். அப்ப ரெண்டாவது ஆளு தனியா செஞ்சா எத்தனை நாள்டி?"

"இரு, மொத ஆளோட ஒரு நாள் வேலைய கழிக்கணும்."

கழித்தாள். விடை வந்தது. இருவரும் சிரித்துக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அந்தக் கணக்கு பயமாக இருந்தது. நான் எப்போதுமே பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அன்று இறங்க வேண்டிய இடத்துக்கு முந்திய ஹோல்டிலேயே இறங்கி, தூற்றலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

தேயிலைத் தோட்டத்து ஆட்களான உங்களில் நிறையப் பேருக்கு என்னைப் போலவே ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றிருக்கும். ஆனாலும் இந்தக் காலமும் வேலையும் கணக்கு உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. நாம் சிறு பிள்ளைகளாக இருந்தபோது வரிசை வீடுகள் கொண்ட லயத்துக்கு ஒரு வீட்டிலாவது ஒரு பையன் பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணிவிட்டு, வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று மலைக்கு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பான். எங்கள் லயத்தில் அது என் அண்ணன்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். எங்களுடையது லயத்தின் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பரா. ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, அதன் ஓரத்தில் அடுப்பு. அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போவார். அம்மாவும் அக்காவும் கொழுந்தெடுக்கப் போவார்கள். அண்ணன் இஸ்தோப்பில் கணக்குப் போடுவான். நான் பள்ளிக்கூடம் போவேன், வந்து ரொட்டிக்குத் தேங்காய் துருவுவேன்.

அண்ணனிடம் ஒரு பலகை இருந்தது. தேயிலைப் பெட்டி உடைந்த பலகை. பழைய பேட்டரிக்குள் இருக்கும் கரியைப் பொடித்து, ஏதோ இலைச் சாற்றில் குழைத்துப் பூசி, அதைக் கரும்பலகை ஆக்கியிருந்தான். ஓரத்தில் ஈயத்தாள் கொஞ்சம் பிய்ந்து மினுங்கும். ஈரமான நாளில் சோக் பிடிக்காது, வெயில் நாளில் கரி விரலில் ஒட்டும். பிறகு அது யார் வீட்டுக் கோழிக்கூட்டுக்குப் போனதோ தெரியாது. அந்தப் பலகையின் வாசனை, பச்சைத் தேயிலையும் கரியும் கலந்த ஒரு வாசனை, இப்போதும் சில காலை நேரங்களில் காரணமில்லாமல் மூக்கில் வரும். அப்படி வந்தால் அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடாது.

புத்தகத்தில் ராமன், கண்ணன் என்று இருக்கும் பேர்களை அண்ணன் எங்கள் லயத்து ஆட்களாக மாற்றிவிடுவான். அப்படிச் செய்தால்தான் மண்டையில் ஏறுமாம். சத்தமாகப் போடுவான். பக்கத்துக் காம்பராச் சித்தி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஏப்பா, ஒன் கணக்குல வர்ற ஆளுங்களுக்கு ஒரு நாளாவது காச்ச தலவலி வராதா? மழைக்கு ஒதுங்க மாட்டாங்களா?"

"கணக்குல மழை இல்ல சித்தி."

"அட்டையும் கடிக்காதா?"

"கடிக்காது."

"அப்ப அந்தத் தோட்டத்துக்கு எங்களையும் அனுப்பி விட்டுருப்பா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இரண்டு பேர் வேலை தொடங்குவார்கள், கொஞ்ச நாளில் ஒருவர் விலகிப் போய்விடுவார், மிச்சத்தை மற்றவர் தனியே முடிப்பார், அப்படி ஒரு வகைக் கணக்கு உண்டு அல்லவா? அதைப் போடத் தொடங்கினாலே தேங்காய் துருவுவதை விட்டுவிட்டு அண்ணனிடம் போவேன்.

"அந்த ஆளு ஏண்ணே பாதியில போனாரு?"

"போனாரு. அவ்ளோதான்."

"எங்க போனாரு? செத்துப் போயிட்டாரா?"

"வாயில நல்லதே வராதா ஒனக்கு?" என்று அண்ணன் தலையில் குட்டுவான்.

அந்த வருடம் சித்திரை மழை நன்றாகப் பெய்து கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. மலை முழுக்க இளம்பச்சை. காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் பெண்கள் இருட்டு விலகும் முன்பே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பேரப் பிள்ளைகள் யாராவது வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலையை நாம் பேர் என்போம். நிறுவையில் அன்றைய கணக்குக்குக் கொழுந்து சரியாக இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். எங்கள் தோட்டத்தில் அப்போது பதினாறு கிலோ இருந்தால்தான் முழுப்பேர். அடிக்கடி அரைப்பேர் விழுகிற பெண்ணை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கூப்பிட்டு, ஒனக்கு முடியல போல இருக்கே, வீட்ல இரு என்பார். அதற்குப் பிறகு வேலையாட்களைப் பதியும் செக்ரோலில் அவள் பேர் இருக்காது.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கும் அக்காவுக்கும் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு நான் மலைக்குப் போனேன். அவர்களுக்கு எப்போதும் விழுகிற மூலை, மேலே பாறைக்குப் பக்கத்தில். அம்மா பாறையின் மேல் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மலை ஏறுகிற யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் அம்மா அப்போது ஏறவில்லை, உட்கார்ந்திருந்தாள். அக்கா தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி அம்மாவின் கூடையில் போட்டு, முழங்கையால் அமுக்கினாள். மறுபடி அள்ளினாள். வெகு நாள் பழக்கம் என்று அவள் கை போகிற விதத்திலேயே தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் அக்கா முதலில் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"போத்தல வச்சுட்டு எறங்கு. கால் வழுக்கும், பாத்துப் போ."

அம்மா தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தாள். மூச்சு அடங்கியதும் எழுந்து கூடைக் கயிற்றை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள். கொழுந்து மடுவத்தில் நிறுத்தபோது இரண்டு கூடையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டு சொன்னார்: "தாயும் மகளும் தராசுல ஒண்ணா நிக்கிறீங்க."

அதற்கு அடுத்த வாரமோ அதற்கடுத்ததோ, வட்டவளைப் பக்கமிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஸ்டோரில், தேயிலை அரைக்கிற ஆலையில் வேலை. நல்ல இடம். ஆனால் வைகாசியிலேயே முடிக்க வேண்டும் என்றார்கள். அண்ணனின் பரீட்சை அதற்குப் பிறகுதான். அக்கா போய்விட்டால் வீட்டில் ஒரு பேர் குறையும்; அண்ணன் மலைக்குப் போக வேண்டி வருமா, படிப்பை விட வேண்டி வருமா என்பதுதான் கேள்வி. அப்பா பதில் சொல்ல ஒரு வாரம் தவணை வாங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. எல்லோரும் இஸ்தோப்பில் இருந்தோம். சித்தியும் வந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பலகையைத் துடைத்துவிட்டு, "இதுக்கு ஏன் மண்டைய ஒடச்சுக்கிறீங்க, கணக்குப் போட்டாத் தெரிஞ்சிரும்" என்றான்.

"போடு பாப்போம்" என்றார் அப்பா. கேலியாகச் சொல்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"நாலாம் நம்பர் மலையில பாறை மூலை. அம்மாவும் அக்காவும் சேந்து எடுத்தா எத்தனை நாள்ல முடியுது?"

"ஆறு நாள்" என்றாள் அம்மா.

"நிறுவையில ரெண்டு பேருக்கும் எவ்வளவு வருது?"

"பதினெட்டு, பதினெட்டு."

"அப்ப ரெண்டு பேரும் சமம். சேந்து ஆறு நாள்னா தனித்தனியா பன்னண்டு நாள். அக்கா போனாலும் அம்மா தனியா அந்த மூலைய பன்னண்டு நாள்ல முடிச்சிருவாங்க. நாளைக்குப் பதினெட்டு. பதினாறுக்கு மேல ரெண்டு கையில நிக்குது. அம்மாவுக்கு முழுப்பேர் கொறையாது. அப்பாவுக்கு ஒண்ணு. போதும்."

பன்னிரண்டு என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். அப்பா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். தன் வீட்டு விஷயம் பலகையில் ஏறி ஒரு விடையாக நிற்பதைப் பார்த்து அவர் முகத்தில் வந்த மரியாதையை நான் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு மலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்தாலும் பயம், சொன்னாலும் பயம். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அம்மா கூடையில அக்கா கொழுந்தும் இருக்கு."

"என்ன?"

"அக்கா அள்ளிப் போடுது. நான் பாத்தேன்."

 அக்கா தரையைப் பார்த்தாள். அம்மா அக்காவைப் பார்த்தாள். அது ஒரு அதட்டல் மாதிரியும் இருந்தது, கெஞ்சல் மாதிரியும் இருந்தது.

"ஒரு நாளு கொட்டிப் போச்சு. அத எடுத்துப் போட்டா. அதப் பாத்திருக்கு இது" என்றாள் அம்மா. "எனக்கு என்ன கையா இல்ல?"

"அப்படியாடி?" என்று அப்பா அக்காவைக் கேட்டார்.

அக்கா அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமேப்பா. தம்பி பரிச்ச முடியட்டும்" என்றாள்.

சித்தி சிரித்துவிட்டாள். "வெக்கத்தப் பாரு. பொண்ணுங்கன்னா மொதல்ல இப்படித்தான் சொல்லுவாளுக."

அப்பாவும் சிரித்தார். அண்ணன் என் தலையில் தட்டி, "தராசு பொய் சொல்லாதுடி" என்றான். அவ்வளவுதான். அக்காவின் கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவானது.

பல வருடம் கழித்து அக்காவிடம் கேட்டேன், ஏன் அன்று சொல்லவில்லை என்று. முதல் நாளே பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நோயாளி வீடு என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்கள். அம்மாவுக்கு முடியவில்லை என்று தெரிந்தால் தம்பி பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவிடுவான். ரெண்டு பேர் வாழ்க்கையும் ஒன் வாயிலதான் இருக்கு என்றாளாம். அக்கா வாயை மூடிக்கொண்டாள். அம்மா தன் பிள்ளைகள் இருவருக்கும் நல்லதுதான் நினைத்தாள். மூன்றாவது ஒருத்தி இருப்பது அவள் கணக்கில் வராமல் போனதை நான் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

கல்யாணம் கோயிலில் நடந்தது. அக்கா பஸ் ஏறும்போது அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடித்து, கையின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லோரும் பிரிவு தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

அதற்கடுத்த வாரமே அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தது. மறுநாளும் அரைப்பேர். முத்தின இலையையும் சேர்த்துப் போட்டதற்குக் கணக்குப்பிள்ளை எல்லோர் முன்னாலும் ஏசினார். வீட்டில் அம்மா, காலையில் தலை சுற்றிச்சு, நாளைக்குச் சரியாகிடும் என்றாள். அண்ணன் பரீட்சைக்கு ஹட்டன் போகும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் காதில் எதுவும் விழக்கூடாது என்று அம்மா என் வாயைத் தன் கையால் பொத்திக் காட்டினாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலே கேட்டாள்.

"அண்ணன் பரிச்ச முடியற வரைக்கும் எங்கூட மலைக்கு வர்றியா?"

"பள்ளிக்கூடம்?"

"அவன் பாஸ் பண்ணி வேலைக்குப் போகட்டும். அப்பறம் நீ போ. ஒன்னைய யாரு நிறுத்தப் போறா?"

அப்படித்தான் நான் போனேன். எனக்குப் பதினோரு வயது. தேயிலைச் செடி என் நெஞ்சு வரை. காலையில் செடியில் நிற்கும் தண்ணீர் சட்டை முழுக்க நனைத்துவிடும். கையில் கூடை கிடையாது. மடியில் சேர்த்து அம்மாவின் கூடையில் போடுவேன், முழங்கையால் அமுக்குவேன். ஒரு நாளைக்கு நாலு கிலோ, கொஞ்சம் கூடுதல். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. முழுப்பேர் திரும்பி வந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை தெரியும். மத்தியானப் பிரார்த்தனைச் சத்தம் காற்று இந்தப் பக்கம் அடித்தால் மட்டும் கேட்கும். நான் அந்தக் காற்று வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் அம்மாவுக்குத் துணைக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். மழைக் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் நிற்பது எங்கள் பக்கம் புதிதில்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

இதை இந்த இடத்தில் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அப்போது என் வயதைக் கூட்டிச் சொல்லிச் செக்ரோலில் என் பேரை எழுதியிருந்தார்கள். அம்மா போன பிறகு சில நாட்கள் என் கூடை நான் எடுத்ததைவிடக் கனமாக இருக்கும். எடுத்த கைக்குத் தெரியும் எவ்வளவு எடுத்தோம் என்று. நிறுத்தால் இரண்டு கிலோ கூட வரும். பக்கத்து நிரையில் சித்தி இருப்பாள், அவள் போட்டிருப்பாள் என்று நினைத்துக் கேட்டால், "நானா? எனக்கே இன்னைக்கிப் பத்தல" என்பாள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். இன்றைக்கும் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது போல இருந்தால் நான் திரும்புவதில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்று, போகட்டும் என்று காத்திருப்பேன்.

அண்ணன் பரீட்சை எழுதிவிட்டு வந்து, காலமும் வேலையும் கணக்கு மூன்று வந்ததாகவும் மூன்றும் சரி என்றும் சொன்னான். மாதங்கள் போயின. ஒரு நாள் மலையில் அம்மா என்னைப் பாறையில் உட்காரச் சொன்னாள்.

"இன்னைக்கி நீ ஒண்ணும் போடாத."

"அரைப்பேர் விழுமேம்மா."

"விழட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும்."

அன்று முழுக்க அவள் தனியாக எடுத்தாள். நான் பாறையில் உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் வேகமாகத்தான் போனது. இடையில் நிற்பாள். வானத்தைப் பார்ப்பது போல முகத்தைத் தூக்கிக் காற்றை இழுப்பாள். மறுபடி குனிவாள். மடுவத்தில் கணக்குப்பிள்ளை, "பன்னண்டு" என்றார்.

"இன்னொரு தரம் சொல்லுங்கய்யா."

"பன்னண்டு. ஏன், காது கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க" என்றாள் அம்மா.

அண்ணன் பாஸ் பண்ணினான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதல் தடவை விடுமுறைக்கு வந்தபோது வெள்ளைச் சட்டை, கையில் ஒரு குடை. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. சித்தி அவனை சார் என்று கூப்பிட்டுவிட்டுத் தானே சிரித்தாள். எல்லோரும் போன பிறகு அம்மா அவனுக்கு ரொட்டியும் சம்பலும் வைத்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. பயத்தால் இல்லை, இந்த ஒரு தடவை. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகலாமா என்று கேட்க நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கவுன் கட்டையாகிவிட்டது. சித்தியிடம் சொல்லி ஓரத்தைப் பிரித்துக்கூட வைத்திருந்தேன்.

அம்மாதான் முந்திக்கொண்டாள்.

"தம்பி, அன்னைக்கி என்னைய வச்சு ஒரு கணக்குப் போட்டியே. பாறை மூலை."

"ஆமா."

"ரெண்டு பேரும் சமம்னு வச்சுக்கிட்டுப் போட்ட. அத இப்ப திருப்பிப் போடு. ரெண்டு பேரும் சேந்து ஆறு நாள், அது சரி. எனக்குப் பன்னண்டு கிலோ. ஒங்கக்காவுக்கு இருவத்தி நாலு."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குப் பலகை தேவைப்படவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"அக்கா தனியா செஞ்சா ஒம்பது நாள்" என்றான். அதோடு நிறுத்திவிட்டான். கையில் பிய்த்த ரொட்டி அப்படியே இருந்தது.

"ஒங்கம்மாவுக்கு?" என்று அப்பா கேட்டார்.

"பதினெட்டு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருக்கும்போதும் தோள் ஏறி இறங்குவதை அன்றுதான் முதல் முறை பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "நீ அன்னைக்கே சொன்னியே" என்றான். சத்தம் வரவில்லை.

"சொன்னேன்" என்றேன்.

"சரியாப் போட்டுட்ட" என்று அம்மா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தாள். அவளுக்கு அதில் கோபம் இல்லை. உண்மையில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்பா எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளையிலேந்து நீ மலைக்குப் போக வேணாம்" என்றார்.

"நான் போகலன்னா?" அம்மா கேட்டாள். "இவன் அங்க தங்கணும், பொங்கித் திங்கணும். ஒங்களுக்கும் கவ்வாத்து முடியப் போவுது. என் பேருக்கு யாரு போறது?"

வெளியே பீலியில் யாரோ குடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் அண்ணன்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.